வந்ததும் தெரியும், போனதும் தெரியும்

"யாஹூ மெசஞ்சர், ஐஆர்சி என்று பழைய இணைய அரட்டைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள்? வாட்ஸப்பில் இல்லாத எது அதில் இருந்தது? வெறும் வயசுக் கோளாறுதானே?" என்பது கேள்வி.

பாதி வயசுக் கோளாறுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பத்தொன்பது வயதில் எந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அது பின்னாளில் அழகாகத்தான் தெரியும். மீதிப் பாதிக்கு மட்டும் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. நெட்வொர்க் பராமரிக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அதற்கு முன்னால் சில வருடம் அரட்டை அறைகளில் உருப்படாமல் போனவன். இரண்டு தகுதியிலும் பதில் சொல்கிறேன்.

அன்றைய அரட்டையில் ஆள் வருவார், போவார். வந்ததும் தெரியும், போனதும் தெரியும். இன்றைய செயலிகளில் யாரும் வருவதுமில்லை, போவதுமில்லை. எல்லோரும் எந்நேரமும் அங்கேயே இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறோம். தொலைந்தது அந்த வரவும் போக்கும்தான் என்பது என் கட்சி.

2001 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு வைத்து எட்டு அறைகள். ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய். நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு கணினிக்கும் ஒரே டயல்அப் இணைப்பு என்பதால் ஒருவர் பாட்டு இறக்கினால் மற்ற ஏழு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் வராது, பக்கம் திறக்காது, ஆனால் அரட்டை மட்டும் ஓடும். எழுத்துக்கு எவ்வளவு அலைவரிசை வேண்டும்? கடைக்காரர் அண்ணன் தலையை நீட்டி, "தம்பி, டைம் ஆச்சு" என்பார். அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இருப்பவரிடம் "சரி, கிளம்பறேன், ஞாயித்துக்கிழமை இதே நேரம்" என்று அடித்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த ஆள் உலகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பெயர் பட்டியலில் தெரிந்ததும் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம், மணிக்கு முப்பது ரூபாய்.

இந்த வரவு போக்கை வரியாகவே அச்சடித்துக் காட்டியது ஐஆர்சி. 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஓவுலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் என்ற மாணவர் கோடைக்கால வேலையாக சன் நிறுவனத்து சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பெரிதாக வேலை இல்லை. பல்கலைக்கழகத்துக் கணினி அறிவிப்புப் பலகையில் பலபேர் சேர்ந்து பேச ஏற்கெனவே ஒரு நிரல் இருந்தது, ஆனால் அது தகராறு பண்ணிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக அவர் எழுதியதுதான் இண்டர்நெட் ரிலே சாட், சுருக்கமாக ஐஆர்சி. 1993 மேயில் இதற்கான விதிகள் ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணமாக வந்தன. ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை. அதன் அடிப்படையில் இன்றும் சர்வர்கள் ஓடுகின்றன.

பெயரில் இருக்கும் ரிலே என்ற சொல்லைக் கவனியுங்கள். தொடர் ஓட்டத்தில் கட்டையை வாங்கி அடுத்தவர் கையில் கொடுப்பது போல, சர்வர் ஒரு வரியை வாங்கும், அந்த நேரத்தில் அறையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும், மறந்துவிடும். எதையும் சேமிக்காது. நீங்கள் பத்து மணிக்கு உள்ளே வந்தால் ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பேசியது உங்களுக்குக் கிடையாது. வேண்டுமானால் யாரிடமாவது "என்ன ஓடுது?" என்று கேட்டுக்கொள்ளலாம். ஒருவர் வந்தால் திரையில் ஒரு வரி, போனால் ஒரு வரி, போகிறபோக்கில் அவர் சொல்லும் காரணத்துக்கு ஒரு இடம். "அம்மா கூப்பிடறாங்க" என்று எழுதிவிட்டுப் போவார்கள். சேமிக்காமல் விட்டதில் பெரிய தத்துவம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் விளைவு பெரிது. வரலாறு கிடையாது என்பதால் படிக்க வேண்டிய பாக்கியும் கிடையாது. இருநூறு செய்தி படிக்காமல் கிடக்கிறது என்று சிவப்பு எண் காட்டி யாரும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

ஐஆர்சி சர்வர்கள் ஒரு மரத்தின் கிளைகளைப் போலக் கோர்க்கப்பட்டிருக்கும். இரண்டு சர்வர்களுக்கு இடையே ஒரே ஒரு பாதைதான், சுற்றுவழி கிடையாது. எனவே நடுவில் ஒரு இணைப்பு அறுந்தால் மரம் இரண்டாகப் பிளந்துவிடும். இதற்கு நெட்ஸ்பிளிட் என்று பெயர். பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்பது பேர் ஒரே நொடியில் வரிசையாக மறைவார்கள். நமக்கு அவர்கள் செத்துப் போன மாதிரி, அவர்களுக்கு நாம் செத்துப் போன மாதிரி. சில நிமிடம் கழித்து இணைப்பு திரும்பியதும் நாற்பது பேரும் மொத்தமாக வந்து விழுவார்கள். இந்த இடைவெளியில்தான் களவாணித்தனமே நடக்கும். ஒரு அறை பிளவின் ஒரு பக்கத்தில் காலியாகக் கிடந்தால், அங்கே முதலில் நுழைபவருக்கு நிர்வாகி அடையாளம் கிடைத்துவிடும். மரம் ஒட்டிக்கொண்டதும் அந்த அதிகாரத்தோடு உள்ளே வந்து, பழைய நிர்வாகிகளையெல்லாம் வெளியே தள்ளிவிடுவார். இதற்காகவே கண்விழித்துக் காத்திருந்த ஆட்கள் உண்டு. இதைத் தடுக்கச் சர்வர் குழுக்கள் பின்னால், எது பழைய அறை என்று பார்க்க நேர முத்திரை வைத்தார்கள், டால்நெட் என்ற ஐஆர்சி நெட்வொர்க் பெயர்களையும் அறைகளையும் பதிவு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. ஈஎஃப்நெட் என்ற இன்னொரு நெட்வொர்க்கின் ஆட்கள் பதிவெல்லாம் வேண்டாம் என்று வீம்பாக இருந்தார்கள்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐஆர்சி விதிப்படி நெளிவு அடைப்புக்குறியும் சதுர அடைப்புக்குறியும் ஒரே எழுத்தின் சிறிய வடிவம், பெரிய வடிவம். காரணம், அன்றைய பின்லாந்து, ஸ்வீடன் கணினி எழுத்து அட்டவணைகளில் அந்தக் குறிகள் இருக்க வேண்டிய இடத்தில்தான் அவர்கள் மொழியின் புள்ளி வைத்த எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. ஸ்காண்டிநேவியாவில் பிறந்ததால் இப்படி என்று ஆர்எஃப்சியிலேயே எழுதியிருக்கிறது. ஒரு சின்ன மொழியின் கைரேகை உலகம் முழுக்க ஓடுகிற விதிக்குள் அப்படியே பதிந்து கிடக்கிறது.

நம் மொழிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஐஆர்சியில் ஒரு வரி மொத்தமாக 512 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கொ' என்று எழுதினால் 'க'வுக்கும் உயிர்க்குறிக்கும் சேர்த்து ஆறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு எழுத்துச் சொச்சத்தில் வரி முடிந்துவிடும். ஆங்கிலத்தில் பேசுபவருக்கு ஐந்நூறு. ஆனால் 2001இல் இந்தப் பிரச்சினையே வரவில்லை. பிரவுசிங் சென்டர் கணினிகளில் தமிழ் எழுத்துரு இருக்காது, இருந்தால் எதிர்முனையில் இருக்காது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையும் டிஸ்கி, டாப், அஞ்சல் என்று ஆளுக்கொன்று. எனவே எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் பேசினோம்.

அதில் நடந்த ஒரு கூத்து. ஒரு தமிழ் அறையில் டொராண்டோவில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் என்னிடம் முதல் வரியாக "கதைக்கலாமா?" என்று கேட்டார், ஆங்கில எழுத்தில். நான் அவர் ஏதோ கதை எழுதுபவர், படித்துக் காட்டப் போகிறார் என்று நினைத்து "சொல்லுங்க, என்ன கதை?" என்றேன். அவர் "நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார். கால் மணி நேரம் இப்படியே ஓடியது. ஈழத்தில் கதைப்பது என்றால் பேசுவது என்று அன்றைக்குத்தான் தெரியும். திருநெல்வேலியைத் தாண்டாத எனக்கு இன்னொரு தமிழ் இருக்கிறது என்பதை ஒரு பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இன்று என் கைபேசியில் அறுநூறு எண்கள் இருக்கின்றன. அதில் நான் முன்பின் தெரியாமல் சந்தித்தவர் என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. எல்லோரும் எண் கொடுத்து, எண் வாங்கி வந்தவர்கள். வாட்ஸப் தொலைபேசி எண்ணை அடையாளமாக வைத்ததில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, ஐடி கடவுச்சொல் எதையும் நினைவில் வைக்க வேண்டாம், என் அம்மாகூட ஒரே நாளில் கற்றுக்கொண்டார். அதற்கு விலை, புது ஆள் உள்ளே வர வாசல் இல்லை. அப்புறம் புனைபெயரும் போச்சு. ஒரு ஊரில் கவிதை பேசுபவனாகவும் இன்னொரு ஊரில் கிரிக்கெட் பைத்தியமாகவும் இருக்க முடிந்தவன், இன்று சித்தப்பா, மேனேஜர், பால்காரர் மூவருக்கும் ஒரே படம், ஒரே பெயர்.

ஐஆர்சி கொஞ்சம் கணினி தெரிந்தவர்களின் இடம். சாதாரண மக்களுக்கு வரவு போக்கைக் காட்டியது ஐசிக்யூ. 1996 நவம்பரில் இஸ்ரேலில் மிராபிலிஸ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண். சிறிய எண் வைத்திருந்தவர்கள் பழைய பைக்குக்கு ஃபேன்சி நம்பர் வைத்திருப்பவர் மாதிரி அலட்டிக்கொண்டார்கள். அது செய்த முக்கியமான காரியம், நண்பர்கள் பட்டியலில் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று பச்சைப் பூவால் காட்டியது. 1998இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் அதை 28 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே வருடம் மார்ச்சில் யாஹூ பேஜர் வந்து, அடுத்த வருடம் யாஹூ மெசஞ்சர் ஆனது. 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மெசஞ்சர். நம் ஊரில் யாஹூதான் ராஜா. மின்னஞ்சலும் அரட்டையும் ஒரே ஐடியில் என்பதால்.

இவற்றில் ஆள் இல்லாதபோது செய்தி போட்டுவைக்கும் வசதியும் இருந்தது. ஐசிக்யூவிலும் யாஹூவிலும் ஆஃப்லைன் மெசேஜ் உண்டு. அதனால் எல்லாம் காற்றோடு போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது விதிவிலக்கு, வீட்டில் ஆள் இல்லையென்றால் கதவிடுக்கில் சீட்டுச் செருகிவிட்டு வருவது போல. அடிப்படை வழக்கம், ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பேசுவதுதான். 'இருக்கிறேன்', 'வேலையாக இருக்கிறேன்', 'இதோ வந்துவிடுகிறேன்' என்று ஒரு பலகை மாட்டலாம். அந்த ஸ்டேட்டஸ் வரியை வைத்து எத்தனை காதல் சொல்லப்பட்டது, எத்தனை சண்டை போடப்பட்டது என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். ஒரே ஒரு ஆள் படிக்க வேண்டும் என்று நூறு பேருக்குத் தெரிகிற மாதிரி பாட்டு வரி எழுதிவைப்பது ஒரு கலை.

வராமல் வந்து உட்காருவதற்கு இன்விசிபிள் என்றொரு ஏற்பாடும் இருந்தது. கடன்காரருக்குப் பயந்து விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருப்பது மாதிரி. அப்படி ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம் என்று தனித்தளங்களே நடந்தன. பதில் வரவில்லையென்றால் 'பஸ்' (buzz) என்ற வசதியை அடித்து எதிராளியின் ஜன்னலையே குலுக்கலாம், கண்ட்ரோலும் ஜி-யும் அழுத்தினால் போதும். நாகரிகமா என்றால் இல்லை.

இதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்டில் யாஹூ தன் பழைய மெசஞ்சரை நிறுத்தியபோது முதலில் பதறியவர்களில் கச்சா எண்ணெய் வணிகர்கள் இருந்தார்கள். சரக்குக் கப்பல் கணக்கில் எண்ணெய் வாங்கி விற்கும் பேரங்கள் பல வருடமாக அதில்தான் நடந்துகொண்டிருந்தன. யார் இருக்கையில் இருக்கிறார் என்று ஒரு பார்வையில் தெரிவது பேரத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று சந்தையில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சரி, இது எப்படிப் போனது? இங்கேதான் வேடிக்கை. வாட்ஸப்பைத் தொடங்கிய ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் முன்னாள் யாஹூ ஊழியர்கள். 2009இல் கூம் முதலில் எழுதியது செய்தி அனுப்பும் செயலியே இல்லை. தொலைபேசிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் இப்போது பேச முடியுமா, ஜிம்மில் இருக்கிறாரா, பேட்டரி சாகப்போகிறதா என்று காட்டுவதுதான் யோசனை. அதாவது யாஹூவின் அந்த ஸ்டேட்டஸ் வரி மட்டும். பழைய வாட்ஸப்பில் 'ஜிம்மில்', 'பேட்டரி தீரப்போகிறது' என்றெல்லாம் தயாராக இருந்த வாசகங்கள் அந்த மிச்சம். அந்த வருடம் ஜூனில் ஆப்பிள், செயலி மூடியிருக்கும்போதும் கைபேசியைத் தட்டி எழுப்பும் புஷ் அறிவிப்பைக் கொண்டுவந்தது. ஸ்டேட்டஸை மாற்றினால் நண்பர்கள் எல்லோருக்கும் மணியடிக்க, ஆட்கள் அதையே செய்தி அனுப்பப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கூம் விஷயத்தைப் புரிந்துகொண்டு செய்தி வசதியைச் சேர்த்தார். பின்னணியில் ஓடியதும் பழைய உலகத்து நிரல்தான். ஜாபர் என்ற திறந்த அரட்டை முறைக்காக எழுதப்பட்ட ஈஜாபர்டி சர்வரை எடுத்து மாற்றியமைத்துத்தான் தொடங்கினார்கள்.

ஆக, ரத்த உறவில் வாட்ஸப் பழைய அரட்டையின் பிள்ளை. குணத்தில் எஸ்எம்எஸ்சின் பிள்ளை. தட்டி எழுப்ப முடியும் என்றான பிறகு, ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் தேவையே போய்விட்டது. போட்டால் போய்ச் சேரும், கைபேசி சட்டைப்பையில் இருக்கிறது, சட்டைக்குள் ஆள் இருக்கிறார். உள்ளே வரும் கதவு போனது, கூடவே வெளியே போகும் கதவும் போனது. எனக்கு வருத்தம் இரண்டாவது கதவைப் பற்றித்தான். யாஹூவில் "கிளம்பறேன்" என்று ஒரு முடிவுரை உண்டு, அரை மணி நேரம் இழுத்துக்கொண்டே போகும், ஆனால் முடியும். வாட்ஸப்பில் நீங்கள் கடைசியாக யாரிடமாவது "போய்ட்டு வர்றேன்" என்று எழுதியது எப்போது? உரையாடல் முடிவதில்லை, நின்றுபோகிறது. 2014 நவம்பரில் நீல டிக் வந்தபோது அந்த நின்றுபோனதற்கும் சாட்சி கிடைத்துவிட்டது. படித்தாய், பதில் போடவில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. டிக் நீலமாகியும் பதில் வராததால் கல்யாணமே நின்ற குடும்பங்கள் எனக்குத் தெரியும் என்று சொன்னால் மிகை, ஆனால் ஒரு வளைகாப்புக்குப் போகாமல் இருந்த குடும்பம் தெரியும்.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. ஆள் இருக்கிறாரா என்று காட்டும் பச்சைப் புள்ளி முழுதாகச் சாகவில்லை. அலுவலக அரட்டையில், டீம்ஸிலும் ஸ்லாக்கிலும், அது பத்திரமாக இருக்கிறது. டீம்ஸில் ஐந்து நிமிடம் விசையைத் தொடவில்லையென்றால் மஞ்சளாகிவிடும். நண்பன் வந்துவிட்டான் என்று சொன்ன விளக்கு, வருகைப் பதிவேடாக மாறிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி வாங்கி வைத்தவர்கள் என் குழுவிலேயே உண்டு. யார் என்று நான் கேட்கவில்லை, நானும் ஒன்று வைத்திருந்தேன்.

சுவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அன்றைக்கு எல்லாம் திறந்திருந்தது" என்று என் வயதுக்காரர்கள் அடித்துவிடுகிறார்கள். அது பொய். 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் மெசஞ்சரிலிருந்து ஏஓஎல் பயனர்களோடும் பேச வழி செய்தபோது ஏஓஎல் அடைத்தது, இவர்கள் வேறு வழி கண்டார்கள், அவர்கள் மறுபடி அடைத்தார்கள். கடைசியில் ஏஓஎல் தன் சொந்த மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டையையே பயன்படுத்தி, எதிரே இருப்பது அசலா போலியா என்று சோதிக்கும் அளவுக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. நாம்தான் டிரில்லியன், பிட்ஜின் மாதிரி மென்பொருள்களை வைத்து நாலு கணக்கையும் ஒரே ஜன்னலில் கட்டி மேய்த்தோம். உண்மையிலேயே திறந்திருந்தவை ஐஆர்சியும் ஜாபரும். 2005 ஆகஸ்டில் வந்த கூகிள் டாக் ஜாபர் முறையில் இயங்கியது, 2006 ஜனவரியிலிருந்து வேறு நிறுவனங்களின் சர்வர்களோடும் பேசியது. மின்னஞ்சல் மாதிரி, யார் எங்கே கணக்கு வைத்திருந்தாலும் பேசலாம். 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் அந்த வாசலை மூடத் தொடங்கினார்கள். எனக்கு ஏக்கம் என்று ஒன்று இருந்தால் அந்த ஏழு வருடத்தின் மேல்தான், யாஹூ மேல் இல்லை. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 மார்ச்சிலிருந்து வாட்ஸப் மாதிரிப் பெரியவர்கள் மற்றவர்களோடு பேச வழிவிட வேண்டும் என்கிறது. 2006இல் சும்மா கிடைத்ததற்கு இப்போது சட்டம்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில விஷயங்களில் அது சாக்கடை. பெண் பெயர் மாதிரித் தெரிகிற ஐடியோடு அறைக்குள் நுழைந்தால் ஒரு நிமிடத்தில் இருபது ஜன்னல் திறக்கும், எல்லாவற்றிலும் "ஏஎஸ்எல்?" என்ற ஒரே கேள்வி. வயது, பாலினம், ஊர். பதில் சொன்னாலும் தொல்லை, சொல்லாவிட்டாலும் வசவு. என் வகுப்புத் தோழி ஒருத்தி ஆண் பெயரில்தான் கடைசி வரை அரட்டை அடித்தாள். எங்களைப் போன்றவர்களுக்கு வீதியாக இருந்தது அவளுக்கு மாறுவேடம் போடாமல் நடமாட முடியாத இடம். இன்று நாங்கள் ஏங்கும்போது அவள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பை நான் மதிக்கிறேன். பயனர்களே உருவாக்கிய அறைகளில் சிறுவர்களைக் குறிவைக்கும் ஆட்கள் புகுந்து, விளம்பரதாரர்கள் விலகிய பிறகு யாஹூ 2005 ஜூனில் அந்த வசதியையே மூடியது. 2012 டிசம்பரில் மிச்சமிருந்த பொது அறைகளும் போயின.

அந்தரங்கம் என்பதும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகத்தில் நெட்வொர்க் மெதுவாக இருப்பதற்குக் காரணம் தேடி, கம்பியில் போகும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளைப், பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் தன் மனைவியோடு யாஹூவில் போட்டுக்கொண்டிருந்த சண்டை வரிவரியாக என் திரையில் ஓடியது. குறியாக்கம் எதுவும் இல்லை, அஞ்சலட்டை மாதிரி. சட்டென்று மூடிவிட்டேன், ஆனால் ஒரு வாரம் அந்த மாடியில் யாரைப் பார்த்தாலும் இவரோ என்று தோன்றிக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரலில் வாட்ஸப் எல்லாச் செய்திகளுக்கும் முனைக்கு முனை குறியாக்கம் கொடுத்தது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. அந்த ஒரு காரியத்துக்காக என் தலைமுறை ஏக்கம் முழுவதையும் ஒரு தட்டில் வைத்தாலும் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஒன்றே ஒன்றைப் பழையதன் பக்கம் வைக்கலாம். அன்றைய அறைகளில் ஃபார்வர்டு பொத்தான் இல்லை. வதந்தி இருந்தது, ஆனால் ஒவ்வொரு அறையிலும் யாராவது மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டியிருந்தது, கேட்பவர்கள் எதிரிலேயே இருந்தார்கள், "உனக்கு யார் சொன்னது?" என்று அங்கேயே கேட்டார்கள். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் நாட்டின் பல பகுதிகளில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான், வாட்ஸப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வைத்தது.

பழையதன் உண்மையான வாரிசு யார் என்று கேட்டால், என் மகன் பயன்படுத்தும் டிஸ்கார்டைச் சொல்வேன். 2015இல் விளையாட்டுக்காரர்களுக்காக வந்தது. அதில் எழுத்து அறைகளை விட்டுவிடுங்கள், குரல் அறையைப் பாருங்கள். யார் யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரியும். யாரும் யாரையும் அழைப்பதில்லை, மணி அடிப்பதில்லை. ஒருவன் போய்ச் சும்மா உட்காருவான், கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் எட்டிப் பார்த்துச் சேருவான், ஒருவன் "சாப்பிடப் போறேன்டா" என்று எழுந்துபோவான். பேசியது எதுவும் தங்காது. ஒரு நாள் அவன் அறைக்கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் மைக்கை அணைத்துவிட்டு, "என்னப்பா?" என்றான். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

கடைசியாக, ஐஆர்சியை இப்போது பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு. ஐசிக்யூ 2024 ஜூன் 26 அன்று மூடப்பட்டது, யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில், எம்எஸ்என் அதற்கு முன்பே. ஐஆர்சி யாருக்கும் சொந்தமில்லை என்பதால் மூட ஆளில்லை. 2021 மேயில் ஃப்ரீநோட் என்ற பெரிய நெட்வொர்க்கின் நிர்வாகத்தை ஒருவர் தன் கைக்குக் கொண்டுவர முயன்றபோது, தொண்டூழியம் செய்த ஊழியர்கள் மொத்தமாக வெளியேறி லிபெரா சாட் என்று புதிதாகத் தொடங்கினார்கள். சீக்கிரமே பல கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தங்கள் அறைகளை அங்கே மாற்றிக்கொண்டன. உலாவியிலேயே திறக்கலாம், ஒரு பெயர் கொடுத்தால் போதும், எண் கேட்காது. ஏதாவது லினக்ஸ் அறைக்குள் போய் உங்கள் சந்தேகத்தை எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு ஒன்று உண்டு: கேள்வியைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை என்று ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். விஷயம் தெரிந்த ஆள் எங்கேயோ தூங்கிக்கொண்டிருப்பார், எழுந்து வந்து பதில் அடிக்கும்போது கேட்டவர் இருக்க மாட்டார், சர்வரும் எடுத்து வைக்காது. ஜன்னலை ஓரமாகத் திறந்தே வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.